குதிரை இல்லாத பீர்

மூக்கர் என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் அல்ல, கூட்டாளிகள் வைத்தது. முதலில் மூக்கன் என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பீர் ருசி பார்க்கும் பயிற்சி வகுப்பு ஒன்றுக்குப் போய்ச் சான்றிதழ் வாங்கி, அதைச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டிய பிறகு, சான்றிதழுக்குத் தர வேண்டிய மரியாதையை மூக்குக்கும் சேர்த்துத் தந்துவிட்டார்கள்.

பகலில் அவருக்கு வேலை ஒரு பெயிண்ட் கம்பெனியில். பெயிண்ட் கலக்குவது இல்லை, பெயர் வைப்பது. வெள்ளைக்கு மட்டும் அவர் வைத்த பெயர்கள் ஒரு பக்கத்துக்கு வரும். 'முத்தின் பெருமூச்சு' என்று ஒன்று. 'படிக்காத கடிதம்' என்று ஒன்று. ஒருமுறை அவருடைய மனைவி கடைக்குப் போய், "வெள்ளை பெயிண்ட் ஒரு டின் குடுங்க" என்று கேட்டபோது, கடைக்காரர் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "அப்படி ஒண்ணும் வரலீங்களே" என்று கையை விரித்தார். அவர்கள் வீட்டுச் சமையலறைச் சுவர் இன்றைக்கும் பழைய பச்சையிலேயே இருக்கிறது.

இப்படிப்பட்டவர் கையில்தான் அவர் மனைவியின் தம்பி தன் பிழைப்பைக் கொண்டுவந்து கொடுத்தான்.

மைத்துனன் லிஃப்ட் மெக்கானிக். நடுவழியில் நின்றுபோன லிஃப்டுகளுக்கு வெளியே நின்று, "இதோ அஞ்சே நிமிஷம், பயப்படாதீங்க" என்று உள்ளே இருப்பவர்களுக்குக் குரல் கொடுத்தே பாதி வயதைக் கழித்தவன். சனிக்கிழமைகளில், மெத்தைக் கடை கிடங்குக்குப் பின்னால் வாடகைக்குப் பிடித்த தகரக் கொட்டகையில் பீர் காய்ச்சப் பழகினான். முதலில் காய்ச்சியது கொட்டகைத் தரையைக் கழுவத்தான் உதவியது. பிறகு காய்ச்சியதைக் கூட்டாளிகள் முகம் சுளிக்காமல் குடித்தார்கள். அதற்குப் பிறகு காய்ச்சியதை, இன்னும் இருக்கிறதா என்று கேட்டார்கள். அந்தக் கேள்வி தலைக்கேறி வேலையை விட்டான். பீருக்கு 'சனிக்கிழமை' என்று பெயர் வைத்தான். பார்கள் வரிசையாக இருக்கும் ஒரு தெருவில் நான்கு கடைகளில் ஏறி இறங்கி, ஒரு மாதம் குழாயில் மாட்டிப் பாருங்கள், போகவில்லையென்றால் எடுத்துவிடுகிறேன் என்று கெஞ்சி, ஆளுக்கொரு பீப்பாய் இறக்கிவிட்டான்.

அந்தத் தெருவில் ஒரு வழக்கம். ஒவ்வொரு பீர்க் குழாய்க்குப் பக்கத்திலும் உள்ளங்கை அகல அட்டை ஒன்று நிற்கும். உள்ளே வருவது என்ன, எப்படி ருசிக்கும் என்று அதில் எழுதியிருக்கும். மைத்துனனுக்கு எழுத்து வராது. குடும்பத்திலேயே எழுதிச் சம்பளம் வாங்குகிறவர் ஒருவர் இருக்கும்போது வெளியாளிடம் போவானேன்?

"அத்தான், ஒரு நாலு வார்த்தை எழுதிக் குடுங்க."

நாலு வார்த்தைக்கு மூக்கர் ஒரு வாரம் எடுத்துக்கொண்டார். ராத்திரியெல்லாம் கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு பால்கனியில் உலாத்தினார். கடைசியில் பிறந்தது இது:

'சனிக்கிழமை. நனைந்த வைக்கோலின் முதல் நினைவு. குதிரைச் சேணத்தின் தொலைதூரக் கம்பீரம். எலுமிச்சைத் தோலின் தயக்கம். முடிவில், ஈரக் கல்லின் மௌனம்.'

மைத்துனன் படித்தான். இன்னொரு தடவை படித்தான். பின்பக்கம் ஏதாவது விளக்கம் இருக்கிறதா என்று திருப்பிப் பார்த்தான்.

"எப்படி?"

"பெருசா இருக்கு அத்தான்."

அதை மூக்கர் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார். வேறு எப்படி எடுத்துக்கொள்வது? அக்கா வீட்டுக்காரர் எழுதியதை, அதுவும் சும்மா எழுதிக் கொடுத்ததை, நன்றாயில்லை என்று சொல்கிற மைத்துனன் இன்னும் பிறக்கவில்லை. அட்டை அச்சாகி நான்கு கடைக்கும் போயிற்று.

மாதம் முடிகிற சனிக்கிழமை சாயங்காலம் நான்கு கடையையும் ஒரு சுற்று பார்த்துவிட்டு வருவது என்று கிளம்பினார்கள். குழாய் நிற்குமா போகுமா என்று அன்றைக்குத் தெரிந்துவிடும். தெரிந்தாகவும் வேண்டும், லிஃப்ட் கம்பெனி மேனேஜர், "திங்கக்கிழமை காலையில வர்றதா இருந்தா உன் இடம் இருக்கு. இல்லேன்னா வேற ஆளைப் போட்டுடுவேன்" என்று சொல்லி அனுப்பியிருந்தார். எல்லாக் கடையும் கையை விரித்தால் மைத்துனன் மறுபடி லிஃப்டுக்கு வெளியே நின்று குரல் கொடுக்க வேண்டியதுதான். கொட்டகைச் சாவியை மெத்தைக் கடைக்காரரிடம் கொடுத்துவிட வேண்டியதுதான்.

துணைக்கு இரண்டு பேர். ஒருவர் பல் டாக்டர். மூக்கரோடு கல்லூரியில் படித்தவள், மூக்கரை நீ என்று கூப்பிட உரிமை உள்ளவள். இன்னொருவனைக் கூப்பிடுவதே வண்டி என்றுதான்; பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவன், மைத்துனனின் சின்ன வயதுச் சினேகிதன். அன்றைக்கும் அவன்தான் வேன் ஓட்டி வந்திருந்தான் என்பதால் சோடாவோடு நிறுத்திக்கொண்டான். ஆனால் கூட்டத்தில் அதிகம் குடித்தவன் அவன்தான் என்று பார்த்தவர்கள் சத்தியம் செய்வார்கள். அப்படி ஒரு தொண்டை.

முதல் கடை ஒரு காலத்தில் வங்கியாக இருந்தது. சுவரின் பூச்சைச் சுரண்டியெடுத்து, உள்ளே இருந்த செங்கல்லை வெளியே காட்டி, அதன் மேல் மங்கலாக ஒரு விளக்கும் போட்டிருந்தார்கள். ஏழையாகத் தெரிவதற்கு இவ்வளவு செலவு செய்த சுவரை மூக்கர் பார்த்ததில்லை. பெயிண்ட் கம்பெனிக்காரர் என்ற முறையில் அவருக்கு அது நெஞ்சில் குத்தியது. பழைய லாக்கர் அறையில் கழிப்பறை வைத்திருந்தார்கள்.

"எவ்வளவு பாதுகாப்பு பாருங்க சார்" என்றான் வண்டி. "உள்ள போட்டா வெளியில யாரும் எடுக்க முடியாது."

சின்னச் சின்னக் கிளாஸ்களில் வகைக்கு ஒன்றாக ஊற்றி, ஒரு பலகையில் அடுக்கிக் கொண்டுவந்து வைத்தார்கள். மூக்கர் கைக்குட்டையால் விரல்களைத் துடைத்துக்கொண்டார். கிளாஸைச் சாய்த்து விளக்குக்குக் காட்டினார். சுழற்றினார். மூக்கை உள்ளே விட்டார். கண்ணை மூடினார். ஒரே ஒரு வாய் எடுத்து, வலது கன்னத்திலிருந்து இடது கன்னத்துக்கும், அங்கிருந்து இங்கும் மாற்றினார்.

"துப்பிடாதே" என்றாள் பல் டாக்டர். "இங்க தொட்டி இல்ல."

அப்போதுதான் இரண்டு இளைஞர்கள் குழாய் வரிசைக்கு வந்தார்கள். ஒருவன் சனிக்கிழமைக்கு முன்னால் நின்று குனிந்தான். மைத்துனன் மூச்சைப் பிடித்துக்கொண்டான்.

"'நனைந்த வைக்கோலின் முதல் நினைவு... குதிரைச் சேணத்தின் தொலைதூரக்...' டேய், இது பீரா பரீட்சையா?"

"என்னடா கேக்குது?"

"தெரியல. சிலபஸ்ல இல்லாததா இருக்கு." நிமிர்ந்து, "அண்ணே, அந்த மஞ்சள் ஒண்ணு குடுங்க. பக்கத்துல இருக்கறது. ஆமா, ஒண்ணும் எழுதாதது" என்றான்.

ஊற்றுகிறவர் மைத்துனனைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். பீப்பாய் பாதிகூட இறங்கவில்லையாம்.

"மாப்ளே, கவலைப்படாதே" என்றார் மூக்கர். "ஊர் இன்னும் தயாராகல. இந்த மாதிரி சரக்கு கொஞ்சம் முன்னாடியே வந்துடும். அப்புறமாத்தான் ஊரு பின்னாலேயே ஓடி வரும்."

"சரி அத்தான்" என்றான் மைத்துனன். ஊர் ஓடி வருகிற வேகத்துக்கும் திங்கட்கிழமை வருகிற வேகத்துக்கும் உள்ள வித்தியாசத்தைப் பற்றி அவன் ஒன்றும் சொல்லவில்லை.

இரண்டாவது கடை பழைய டயர் கடை. டயர்களை வீணாக்காமல் நாற்காலியாக்கியிருந்தார்கள். உட்காருவது எளிது; எழுந்திருக்க இன்னொருவர் கை வேண்டும். அதனாலேயே அங்கே வியாபாரம் நன்றாக இருந்தது. மூக்கர் டயருக்குள் இறங்கி அமர்ந்தபோது, குழாய்ப் பக்கம் ஒரு ஜோடி சனிக்கிழமை அட்டையைப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தது. அந்தப் பெண் அட்டையைக் கன்னத்தோடு வைத்துக்கொண்டு இன்னொன்று எடுத்தாள். மூக்கருக்கு உடம்பெல்லாம் ஒரு சூடு பரவியது. முதுகை நிமிர்த்த முயன்றார், டயர் விடவில்லை.

கடை முதலாளி கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். "இது யார் எழுதினது?"

"எங்க அத்தான்தான்" என்றான் மைத்துனன்.

"சார்! கையைக் குடுங்க. இதுவரைக்கும் ரெண்டு அட்டை திருடு போயிடுச்சு. இது மூணாவது. வர்றவங்கல்லாம் இதைத்தான் கேக்கறாங்க."

மூக்கர் பல் டாக்டரைப் பார்த்தார். அந்தப் பார்வையில், கல்லூரிக் காலத்தில் அவள் அவருடைய கவிதைகளைப் படித்துவிட்டுச் சிரித்ததற்கான பதில் இருந்தது.

"பீர்?" என்று கேட்டான் மைத்துனன்.

"பீர் திருடு போகல" என்றார் முதலாளி. பிறகு குரலைத் தாழ்த்தி, "போகவே இல்ல தம்பி. அட்டை நல்லா ஓடுது. பீரை ஒருத்தரும் தொடறது இல்ல. தப்பா நினைச்சுக்காதே, நாளைக்கு வந்து பீப்பாயை எடுத்துட்டுப் போயிடு" என்றார். மூக்கர் பக்கம் திரும்பி, மிகுந்த மரியாதையோடு கேட்டார்: "அட்டை மட்டும் இருக்கட்டுமா சார்?"

மூக்கரை டயரிலிருந்து வெளியே எடுக்க இரண்டு பேர் தேவைப்பட்டார்கள். தெருவில் இறங்கினார்கள். லேசாகத் தூறல். வண்டிகூடச் சோடா ஏப்பத்தை அடக்கிக்கொண்டு வந்தான்.

மூன்றாவது கடை ஒரு சலவைக் கடைக்கு மேல் மாடியில். படி குறுகல். மேலே ஏறினால் சோப்பு வாசனையும் பீர் வாசனையும் கலந்து, துவைத்த துணியே கொஞ்சம் போதையில் இருப்பதுபோல இருந்தது. அவர்கள் குழாய்க்குப் பக்கத்திலேயே நான்கு முக்காலிகளைப் பிடித்தார்கள். பக்கத்து மேசையில், அலுவலகம் விட்டு நேரே வந்ததுபோல் மூன்று பெண்கள். அதில் ஒருத்தி, மடக்கிய சிவப்புக் குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, பாதி காலியான கிளாஸோடு எழுந்து வந்தாள்.

"தம்பி, இதைத் திருப்பி எடுத்துக்குவீங்களா? கோச்சுக்காதீங்க."

ஊற்றுகிற பையன் பதறிப்போனான். "என்ன மேடம், கெட்டுப்போச்சா?"

"அய்யோ, அதெல்லாம் இல்ல. இதுல குதிரை வரும்னு போட்டிருக்கு. நானும் பாதி வரைக்கும் தேடிட்டேன். வரல."

மேசையிலிருந்து ஒருத்தி, "எனக்கு வைக்கோல் லேசா வந்த மாதிரி இருந்துச்சுடி" என்றாள்.

"நீ சும்மா சொல்றே."

"சரி, வரல."

"ருசி எப்படி மேடம் இருந்துச்சு?" என்று கேட்டான் பையன்.

"ருசி நல்லாத்தான் இருந்துச்சு. அதான் குழப்பமா இருக்கு. நல்லா இருந்தா தப்போ என்னமோ." அவள் அட்டையை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள், அதில் கொஞ்சம் வெட்கம் இருந்தது. "நமக்கு நாக்கு பத்தாதுங்க. இது தெரிஞ்சவங்க குடிக்கறது. எனக்கு ஒரு சாதா பீர் குடுத்துடுங்க."

மூக்கர் தன் கிளாஸைச் சுழற்றிக்கொண்டிருந்தார். சுழற்றுவது நின்றது.

அந்தச் சிரிப்பை அவருக்குத் தெரியும். பயிற்சி வகுப்பின் முதல் நாள், ஆசிரியர் ஒரு கிளாஸை நீட்டி, "என்ன வாசனை வருது?" என்று கேட்டார். மூக்கர் நன்றாக முகர்ந்து பார்த்துவிட்டு, "பீர் வாசனை வருது சார்" என்றார். வகுப்பே சிரித்தது. அவரும் கூடவே சிரித்தார், இதே சிரிப்பை. அடுத்த நாளிலிருந்து அவருக்கு எல்லா வாசனையும் வர ஆரம்பித்தது. பழைய தோல்பை வந்தது, தபால் நிலையம் வந்தது, ஒருநாள் இன்னொருவர் சொல்வதற்கு முன்னால் குதிரையும் வந்துவிட்டது.

"மாப்ளே" என்றார் மெதுவாக. "அந்த அட்டை சரியில்லையோ?"

"சே சே. நல்லாத்தானே இருக்கு அத்தான்."

"உனக்குப் புரிஞ்சுதா?"

"புரிய என்ன அத்தான் இருக்கு?" என்றான் மைத்துனன். உண்மையைத்தான் சொன்னான்.

பல் டாக்டர் கிளாஸை வைத்தாள். "அவன்கிட்ட ஏன் கேக்கறே? அவன் சொல்லவே மாட்டான். நீ அவன் அக்கா புருஷன். நீ அவன் கையைக் கதவுல வெச்சு நசுக்கினாலும், 'பரவாயில்ல அத்தான், இன்னொரு கை இருக்கு'ம்பான். நான் சொல்றேன், கேட்டுக்கோ. மூணு கடையில ஒருத்தராவது இதை நல்லா இல்லன்னு சொன்னாங்களா? குடிச்சாத்தானே சொல்றதுக்கு! வாசல்லயே நீ ஒரு குதிரையைக் கட்டி வெச்சிருக்கே. எவன் உள்ள போவான்?"

"சார், நான் ஒண்ணு சொல்லட்டா?" என்றான் வண்டி. "என் வேன்ல பின்னாடி 'குழந்தைகள்'னு எழுதியிருக்கும். அவ்வளவுதான். 'நாளைய உலகின் மொட்டுகள்'னு எழுதியிருந்தா எவனும் பிரேக் போட்டிருக்க மாட்டான்."

மைத்துனன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். கையிலிருந்த போனை மேசை மேல் கவிழ்த்து வைத்தான். லிஃப்ட் கம்பெனி மேனேஜரிடமிருந்து இன்னொரு செய்தி வந்திருக்க வேண்டும்.

மூக்கர் எழுந்தார். "நீங்க குடிச்சிட்டு வாங்க. நான் முன்னாடி போய் இடம் பிடிக்கறேன்."

நான்காவது கடை தெரு முனையில். நடத்துவது ஒரு அம்மாள். தோளில் துண்டு, காதோரம் பேனா, யாரும் கேள்வி கேட்காமல் வழிவிடுகிற நடை. முதலாளியம்மா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். மூக்கர் நுழைந்தபோது அவர் முதுகைக் காட்டிக்கொண்டு கிளாஸ் அடுக்கிக்கொண்டிருந்தார். மூக்கர் கழிப்பறை எங்கே என்று தேடுகிறவர் மாதிரி குழாய் வரிசையை ஒட்டி நடந்தார். சனிக்கிழமைக்கு முன்னால் வந்ததும் ஷூ நாடாவைக் கட்டக் குனிந்தார். எழுந்தபோது அட்டை அவருடைய சட்டைப் பைக்குள் இருந்தது.

"சார்" என்றார் முதலாளியம்மா, திரும்பாமலே. "நாடா இல்லாத செருப்பு போட்டிருக்கீங்க."

எதிரே இருந்த கண்ணாடியை மூக்கர் கவனித்திருக்கவில்லை.

"அட்டையை வெச்சிடுங்க. இதோட எத்தனை பேரு."

"இது... நான் எழுதினதுங்க."

முதலாளியம்மா திரும்பி, அவரை உச்சி முதல் பாதம் வரை பார்த்தார். "நீங்கதானா அது? நானே ஒருநாள் தேடிப் பிடிச்சு ஒரு வார்த்தை கேக்கணும்னு நெனச்சேன். ஈரக் கல்லு எப்படிங்க பேசாம இருக்கும்? காய்ஞ்ச கல்லு மட்டும் பேசுமா?"

மூக்கர் அதை முதன்முதலாக யோசித்துப் பார்த்தார். எந்தக் கல்லும் பேசி அவர் கேட்டதில்லை.

"அம்மா, தப்பு என்னோடது. பீர் மேல தப்பில்ல. அட்டையை எடுத்துட்டுப் போயிடறேன். இன்னும் ஒரு வாரம் மட்டும் குழாயை விட்டு வைங்க."

"வாரக் கணக்கெல்லாம் கிடையாது. இன்னிக்கு ராத்திரி அந்தக் குழாய்க்கு வேற ஆள் வரிசையில நிக்கறாங்க. அட்டை இல்லாம குழாயும் ஓடாது. மொட்டையா நிக்கறதை எவனும் தொட மாட்டான், ரிப்பேர்னு நெனச்சுப்பான்." மேசைக்கு அடியில் துழாவி, ஒரு சின்னச் சிலேட்டையும் சாக்பீஸையும் எடுத்து நீட்டினார். "எழுதுங்க. எழுதற ஆளுதானே?"

மூக்கர் வாங்கிக்கொண்டார். 'பொன்னிற' என்று எழுதினார். துடைத்தார். 'அடக்கமான' என்று ஆரம்பித்தார். எது அடக்கமானது என்று தெரியாததால் அதையும் துடைத்தார். 'ஒரு மாலைப் பொழுதின்' என்றதும் கை தானாகவே அழித்தது. துடைக்கத் துடைக்கச் சிலேட்டு வெளுத்தது. புறங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டதில் மூக்கும் வெளுத்தது.

"சார், அது சிலேட்டு, தேஞ்சுடும்" என்று முதலாளியம்மா ஒரு கிளாஸ் நிறைய சனிக்கிழமையைப் பிடித்து முன்னால் வைத்தார். "குடிச்சுட்டு எழுதுங்க."

வழக்கம்போல மூக்கர் கிளாஸுக்குள் மூக்கை விட்டார். சாக்பீஸ் தூள்தான் மணத்தது. ஒரு கையில் சிலேட்டு இருந்ததால் சுழற்றவும் வழியில்லை. வேறு ஒன்றும் செய்ய முடியாத நிலைமையில், குடித்தார்.

ஜில்லென்று இருந்தது. கொஞ்சம் கசந்தது. கசப்பு போன இடத்தில் இன்னொரு வாய்க்கு இடம் இருந்தது. அந்த வாயும் போனது. மாடிக் கடையில் தரையைப் பார்த்துக்கொண்டிருந்த மைத்துனனை நினைத்துக்கொண்டார்; கொட்டகைத் தகரத்தில் மழை விழும்போதெல்லாம் அவன் பீப்பாய்களுக்கு நடுவில் உட்கார்ந்து போனில் அக்காவோடு பேசுவானாம், சத்தத்தில் இரண்டு பேருக்கும் ஒன்றும் கேட்காதாம். அடுத்த வாய்க்குக் கிளாஸை எடுத்தபோது அதில் நுரை மட்டும்தான் மிச்சம் இருந்தது. ஒரு கிளாஸ் பீரை முழுதாகக் குடித்து எத்தனை நாளாயிற்று என்று அவருக்கு ஞாபகம் வரவில்லை.

சிலேட்டை எடுத்து மளமளவென்று எழுதினார். அவர் நிமிரும்போது மற்ற மூன்று பேரும் தலையில் தூறலோடு உள்ளே வந்துகொண்டிருந்தார்கள். மைத்துனன் குழாய்க்கு முன்னால் வந்து நின்று வாசித்தான்:

'சனிக்கிழமை. எங்க மச்சான் காய்ச்சினது. கொஞ்சம் கசக்கும். நல்லா இருக்கும்.'

அவன் கையை பேண்டில் துடைத்துக்கொண்டான். கை சுத்தமாகத்தான் இருந்தது.

சிலேட்டுக்கு முதலில் மாட்டியவர், கழுத்தில் ஒரு துணியைச் சுற்றிக்கொண்டு, வட்டக் கண்ணாடி போட்டிருந்த ஒருவர். குனிந்து வாசித்தார். பின்னால் ஓர் அடி நகர்ந்து நின்று மறுபடி வாசித்தார்.

"பாத்தியா?" என்று கூட வந்தவரிடம் சொன்னார். "என்ன ஒரு துறவு! வர்ணனையையே நிராகரிக்கிற வர்ணனை. இதை எழுதினவன் எல்லாத்தையும் கடந்து வந்தவன்யா." இரண்டு கிளாஸ் வாங்கினார். விளக்குக்குக் காட்டினார். சுழற்றினார். கண்ணை மூடினார். "ம்... கவனிச்சியா? கடைசியில ஒரு ஈரக் கல் வருது."

மூக்கர் முக்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார். தன் வாழ்நாளில் தன்னைப் புரிந்துகொண்ட ஒரே மனிதர் கைக்கெட்டும் தூரத்தில் நிற்கிறார். வாய் தானாகவே திறந்தது.

பல் டாக்டர் அவர் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினாள். "வாயை மூடு" என்றாள், தொழிலுக்கு வந்த பிறகு முதல் தடவையாக.

மூக்கர் மூடிக்கொண்டு உட்கார்ந்தார். வட்டக் கண்ணாடிக்காரர் குதிரையையும் கண்டுபிடித்துவிடுவாரோ என்று உள்ளூர ஒரு நப்பாசை இருந்தது. நல்ல வேளை, அதற்குள் அவருக்கு போன் வந்துவிட்டது.

பிறகு ஒரு தம்பதி வந்து, சிலேட்டைப் பார்த்துச் சிரித்துவிட்டு, ஆளுக்கொன்று வாங்கிப் போனார்கள். அந்த மனிதர் மறுபடி வந்தார். கம்பெனி பையை மாட்டிக்கொண்டு வந்த நாலு பேர் ஒரு பலகை நிறைய வாங்கினார்கள். அதில் ஒருவன், "மச்சானுக்கு ஒரு ஜே" என்று கத்த, சோடாக் கிளாஸைத் தூக்கிக்கொண்டு வண்டி அதைவிடப் பெரிதாகக் கத்தினான். மைத்துனன் குழாய்ப் பக்கம் பார்ப்பதும், பார்க்காததுபோல் இருப்பதுமாக இருந்தான். நின்ற லிஃப்ட் நகர ஆரம்பித்துவிட்டதா என்று கயிற்றைப் பார்க்கிற பார்வை.

அப்போது கதவில் சிவப்புக் குடை ஒன்று மடங்கியது. மாடிக் கடையில் பார்த்த மூன்று பெண்கள். குடைக்காரி சிலேட்டைப் படித்துவிட்டு முதலாளியம்மாவிடம் சந்தேகத்தோடு கேட்டாள். "இதுல குதிரை ஒண்ணும் இல்லையே?"

முதலாளியம்மா மூக்கரைப் பார்த்தார்.

"இல்லீங்க" என்றார் மூக்கர். "அவிழ்த்து விட்டாச்சு."

அவள் ஒரு வாய் குடித்தாள். கிளாஸைக் கையில் தூக்கிப் பார்த்தாள். இன்னொரு வாய் குடித்தாள். "இது! இது நல்லாருக்கு பாருடி. அங்க குடிச்சோமே, அது மாதிரி இல்ல. அது என்னமோ ஒரு மாதிரி." மூன்று பேரும் குடித்து, அது என்னமோ ஒரு மாதிரிதான் என்று ஒருமனதாக ஒப்புக்கொண்டார்கள். "மச்சான்னு போட்டிருக்கே, யாருங்க மச்சான்?"

மைத்துனன் வகுப்பில் பேர் கூப்பிட்ட மாதிரி கையைத் தூக்கினான். அவர்கள் கிளாஸை அவன் பக்கம் உயர்த்திக் காட்டினார்கள். அவன் காது வரைக்கும் சிவந்தான். அவள் குடித்தது அதே பீர்தான் என்று சொல்ல நான்கு பேர் இருந்தார்கள். நான்கு பேருமே அந்த நேரம் பார்த்துக் கூரை விளக்கு எத்தனை அழகு என்று கவனித்துக்கொண்டிருந்தார்கள்.

முதலாளியம்மா பீப்பாயைக் காலால் ஒரு தட்டு தட்டிச் சத்தத்தைக் கேட்டார். "தம்பி, இது விடியறதுக்குள்ள காலியாகிடும் போல இருக்கு. நாளைக்கு இன்னொண்ணு கொண்டாந்துடு. வரிசையில நிக்கறவங்க இன்னும் கொஞ்ச நாள் நிக்கட்டும்."

"சரிங்கம்மா" என்றான் மைத்துனன். போனைக் கையில் எடுத்தான். வெகுநேரம் எதையோ எழுதினான். வண்டி தோள் வழியாக எட்டிப் பார்த்துச் சத்தமாக வாசித்தான்: "'சார், வேற ஆளைப் போட்டுக்குங்க. நன்றி.' அனுப்புடா, அனுப்பு. என்ன, 'நன்றி'யைத் தடவிக்கிட்டே இருக்கே!"

"மூணு கடை இன்னும் அப்படியேதானே இருக்கு மச்சி."

"முதல்ல அனுப்பு, மூணு கடை எங்கயும் ஓடிடாது."

அவன் அனுப்பினான். அனுப்பிய பிறகு போனையே பார்த்துக்கொண்டிருந்தான், அது ஏதாவது வெடித்துவிடுமோ என்பதுபோல. போன் மணி அடிக்கவும் திடுக்கிட்டான். அடித்தது மூக்கருடையது. வீட்டம்மாள்.

"என்னங்க, தம்பி பீர் எப்படிங்க இருக்கு?"

"நல்லா இருக்கு."

அந்தப் பக்கம் மௌனம். கட்டிலில் சாய்ந்து, தலையணையைச் சரிசெய்துகொண்டு, மிச்சத்துக்குக் காத்திருக்கிற மௌனம். மிச்சம் வரவில்லை.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

"போனைத் தம்பிகிட்ட குடுங்க" என்றாள் மனைவி, குரலை மாற்றிக்கொண்டு. "டேய், அவருக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா? நெத்தியைத் தொட்டுப் பாரு. மழையில நனைய விட்டியா?"

மைத்துனன் சிரித்துக்கொண்டே போனைத் திருப்பிக் கொடுத்தான். சிரிப்பு அடங்கியதும் மூக்கருக்குப் பக்கத்தில் முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான். கிளாஸைக் கீழே வைத்தான், எடுத்தான், வைத்தான்.

"அத்தான், ஒண்ணு சொன்னா கோச்சுக்க மாட்டீங்களே?"

"சொல்லு மாப்ளே."

"அந்த அட்டை... எனக்கு ஒரு எழுத்தும் புரியல அத்தான். சேணம்னா என்னன்னே தெரியாது. குதிரைக்குப் போடற சாப்பாடோன்னு நெனச்சேன். மாசம் பூரா, யாராவது கேட்டுடுவாங்களோன்னு பயந்துக்கிட்டே கடைப் பக்கம் வராம இருந்தேன்." சொல்லிவிட்டு, அத்தானின் முகத்தைப் பார்க்கப் பயந்து, சிலேட்டைப் பார்த்தான். "இது நல்லாருக்கு."

இத்தனை வருடத்தில் மைத்துனன் அவரிடம் பேசிய முதல் உண்மை இது. அது இவ்வளவு சின்னதாக, ஒரு வாய் கசப்போடு, இவ்வளவு நன்றாக இருக்கும் என்று மூக்கர் எதிர்பார்க்கவில்லை.

"நானும் குதிரை கிட்டப் போனதில்ல மாப்ளே" என்றார். "எனக்குப் பயம். உதைக்கும்."

பல் டாக்டர் சிரித்ததில் பீர் மூக்கில் ஏறிவிட்டது. அவள் இருமி ஓய்வதற்குள் மூக்கர் எழுந்து, சட்டைப் பையில் இருந்த அட்டையை நான்காய் மடித்து வைத்துக்கொண்டு, முதலாளியம்மாவிடம் கையை நீட்டினார்.

"அந்தச் சாக்பீஸைக் கொஞ்சம் குடுங்க. மூணு சிலேட்டும் வேணும்."

"எதுக்கு?"

"மேல மூணு கடை இருக்கு."

"மூணும் திரும்பி வரணும்" என்றார் முதலாளியம்மா, சிலேட்டுகளை எடுத்து நீட்டியபடி. "சாக்பீஸும்தான். உங்க கை எப்படின்னு எனக்குத் தெரியும்."

வெளியே தூறல் நின்றிருந்தது. தெரு விளக்கு வெளிச்சத்தில் நடைபாதைக் கல்லெல்லாம் நனைந்து மின்னிக்கொண்டிருந்தது. வந்த வழியே, கடைசிக் கடையிலிருந்து முதல் கடைக்கு, நான்கு பேரும் நடக்க ஆரம்பித்தார்கள். மூக்கர் மட்டும் ஒரு நிமிடம் நின்று, குனிந்து, நடைபாதையை முகர்ந்து பார்த்தார். பழக்கம் ஒரே ராத்திரியில் போகிறதா என்ன?

"என்னத்தான், எதையாவது போட்டுட்டீங்களா?"

"ஒண்ணுமில்ல மாப்ளே" என்றார் மூக்கர், முழங்காலைத் தட்டிக்கொண்டு எழுந்தபடி. "வா, அந்த டயர்க் கடைக்கு முதல்ல போவோம். ஆனா இந்தத் தடவை நான் நின்னுக்கிட்டேதான் எழுதுவேன்."